பட்டத்துக்கு வேலை கிடைத்தது

டிசம்பர் 29

நாட்குறிப்பு எழுதினால் மன அழுத்தம் குறையும் என்பதை எட்டு வருடம் ஆராய்ந்து நிரூபித்திருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்து, எழுத வைத்து, எழுதும் முன்பும் பின்பும் அளந்து, அட்டவணை போட்டு, தடித்த அட்டையில் பைண்டும் போட்டாயிற்று. முந்தாநாள் பல்கலைக்கழகம் என்னை உளவியல் முனைவர் என்று ஒப்புக்கொண்டது. இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, நான் ஒரு நாள்கூட நாட்குறிப்பு எழுதியதில்லை. மருந்து விற்கிறவன் ஒரு மடக்காவது குடித்துப் பார்க்க வேண்டாமா? ஆகவே தொடங்குகிறேன்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வு பிரமாதமாக நடந்தது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் கேட்ட கேள்விகளை விட அவர் இலையில் விழுந்த பொரியல்கள் அதிகம். "உங்க ஆய்வுல ஆண்கள் ஏன் இல்லை?" என்று கேட்டார். தலைப்பிலேயே பெண்கள் என்று இருக்கிறது. அதைச் சொன்னேன். "குட் பாயிண்ட்" என்று குறித்துக்கொண்டார். விருந்து, அவருக்கு ஓட்டல் அறை, பொன்னாடை, என் வழிகாட்டிப் பேராசிரியர் தண்டபாணிக்குப் பட்டு வேட்டி எல்லாமே மாணவன் செலவு. மாணவனுக்கு வயது முப்பத்தேழு. என் மனைவி அம்சவேணி தன் பேங்க் ஊழியர் சங்கத்தில் கடன் போட்டுக் கொடுத்தாள். அதனால் என்ன, இனி எனக்குச் சம்பளம் வரப்போகிறது, கட்டிவிடலாம்.

டிசம்பர் 31

அம்சவேணியிடம் ஆய்வேட்டைக் கொடுத்து, "வருச முடிவுல படிச்சுப் பாரு" என்றேன். ஆசையாகத்தான் வாங்கினாள். முதலில் இருக்கும் நன்றியுரையை மட்டும் படித்தாள். தண்டபாணி சாருக்கு, அவர் மனைவி கொடுத்த ஃபில்டர் காபிக்கு, பல்கலைக்கழக நூலகருக்கு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு என்று உருக்கமாக எழுதியிருந்தேன். பக்கத்தைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு, நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையைத் தேய்க்கப் போய்விட்டாள். ஆராய்ச்சியில் அவளுக்கு ஆர்வம் இல்லை. எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஜனவரி 4

பெரியப்பா மகன் வேலுச்சாமி அண்ணன் வந்தார். மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவை நீட்டினார்.

"ஏன்டா சம்பத்து, பையன் குணம் எப்படின்னு பாத்துச் சொல்லு."

"போட்டோவ வெச்சுச் சொல்ல முடியாதுங்ணா."

"அப்புறம் இத்தன வருசமா என்னத்தடா படிச்ச? பல்லடத்துல ஒருத்தரு செருப்பப் பாத்தே சொல்றாராமா."

அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "கண்ணுல ஒரு பொறுமை தெரியுதுங்ணா" என்று சொல்லி வைத்தேன். சந்தோஷமாக ஒரு சீப்பு பூவன் பழம் கொடுத்துவிட்டுப் போனார். முனைவர் பட்டம் ஈட்டிய முதல் வருமானம். அதில் இரண்டு பழம் அழுகல்.

ஜனவரி 11

எந்தக் கல்லூரியிலிருந்தும் பதில் இல்லை. குக்கருக்கு கேஸ்கட் மாற்றினேன்.

ஜனவரி 22

அம்சவேணிக்கு ஆபீசர் பிரமோஷன் வந்திருக்கிறது. இது மூன்றாவது தடவை. பிரமோஷன் என்றால் வெளியூர். இந்த முறை ராமநாதபுரம்.

முதல் தடவை வந்தபோது நான் ஆய்வுக்குப் பதிவு செய்திருந்த நேரம். வாரா வாரம் தண்டபாணி சாரைப் பார்க்க வேண்டும். அவர் வீட்டு ஆர்.ஓ. மிஷினுக்கு ஃபில்டர் மாற்றத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி மாணவன் நான்தான், கோயமுத்தூரை விட்டு எப்படி நகர்வது? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருந்தேன். அப்போதும் எழுதிக் கொடுத்தாள். அவளோடு கவுண்டரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இன்று மேனேஜர்கள்.

"இந்தத் தடவையும் வேண்டாம்னா இனி என்னைக் கேக்க மாட்டாங்க மாமா. மார்ச் பத்துக்குள்ள எழுதிக் குடுக்கோணும்."

"அதுக்குள்ள எனக்கு இங்கயே வேலை கெடச்சுரும் அம்சா. டாக்டரேட் முடிச்சவனுக்கு வேலை இல்லாமப் போகுமா? நீ எதுக்கு இந்த வயசுல ஊரு ஊரா அலையோணும்?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. "ஆய்வு முடியட்டும்" என்று நாங்கள் தள்ளிப்போட்டவற்றில் வாஷிங் மெஷின் இருக்கிறது, ஊட்டி இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது. வாஷிங் மெஷினை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது. நாட்குறிப்பால் அழுத்தம் குறைய ஆரம்பத்தில் சிறிது காலம் பிடிக்கும் என்று என் ஐந்தாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 3

வேலை கிடைத்துவிட்டது! அவிநாசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. பெயரை இங்கே எழுத மாட்டேன், என் பட்டச் சான்றிதழின் ஒரிஜினல் அங்கே பீரோவில் இருக்கிறது.

தாளாளர் நாச்சிமுத்து கோழிப்பண்ணையில் சம்பாதித்துக் கல்லூரியில் போட்டவர். நேர்முகத் தேர்வு அவர் மோர் குடித்து முடிக்கும் நேரம் நடந்தது.

"டாக்டரேட் கைக்கு வந்துருச்சுங்களா? ஒரிஜினலுங்களா?"

"வந்துருச்சுங்க சார். என்னோட ஆய்வு வந்துங்க..."

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அடுத்த மாசம் காலேஜுக்கு கிரேடு போட இன்ஸ்பெக்சன் கமிட்டி வருது. சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல ஒரு டாக்டராவது இருக்கோணுமாமா. நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேனுங்க."

"அப்ப சரி. சர்ட்டிபிகேட்ட ஆபீஸ்ல குடுத்துப்போட்டு ரசீது வாங்கிக்கோங்க."

சம்பளத்தைக் கேட்டு எனக்கே வியர்த்தது. அரசாங்கம் சொல்லும் விகிதம். அது பேங்கில் முழுசாக விழுமாம். மறுநாள் அதில் முக்கால் பங்கைப் பணமாக எடுத்து, கவரில் போட்டு, ஆபீசில் கொடுத்துவிட வேண்டுமாம். அதற்கு 'வளர்ச்சி நிதி' என்று பெயர். யார் வளர்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அம்சவேணியிடம் பேங்கில் விழும் தொகையைச் சொன்னேன். அது பொய் இல்லை. விழத்தான் போகிறது. கவரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் சந்தோஷப்படும்போது அட்டவணையின் அடிக்குறிப்பை எல்லாம் வாசிக்க வேண்டுமா?

"நல்லதுங்க" என்றாள். கேசரி செய்தாள்.

பிப்ரவரி 12

எனக்கு வகுப்பு எதுவும் இல்லை. நாற்காலி இருக்கிறது, மேஜை கணிதத்துறையோடு பங்கு. சைக்காலஜி பாடத்தை இங்கே எம்.எஸ்ஸி. முடித்த மூன்று பெண்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பட்டம் குறைவு, வேலை அதிகம். எனக்கு நேர்மாறு. அதில் ஒருத்தி, "சார், நீங்க எப்பவாவது ஒரு கிளாஸ் எடுங்களேன்" என்றாள். தாளாளரைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார். இவ்வளவு மரியாதையான முதலாளியை நான் பார்த்ததில்லை.

மார்ச் 1

சம்பளம் விழுந்தது. உடனே எடுத்தேன். நான் விவரமானவன். வீட்டுக்குப் பக்கத்தில் எடுக்காமல், அவிநாசி பஸ் ஸ்டாண்டு ஏ.டி.எம்.மில் எடுத்தேன். கவரை ஆபீசில் கொடுத்தபோது கிளார்க் எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்தார். ரசீது கிடையாது.

சாயங்காலம் அம்சவேணி, "சம்பளம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"வந்துருச்சு, முழுசா."

அவள் தன் போனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். என் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான், நான் ஆய்வில் மூழ்கியிருந்ததால் கையெழுத்து மட்டும் போட்டேன். இப்போது அதில் சம்பளம் வருவதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் போல் கேசரி செய்யவில்லை. களைப்பாக இருக்கும்.

மார்ச் 8

கல்லூரி முழுவதும் சுண்ணாம்பு வாசனை. விளையாட்டு அறையிலிருந்து கேரம் போர்டுகளை எடுத்துவிட்டு, கதவில் 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு சோபா, பிளாஸ்டிக் பூ, நான். கமிட்டி வரும்போது ஒரு மாணவி என்னிடம் 'பரீட்சை பயம்' என்று வந்து அழ வேண்டும், நான் தேற்ற வேண்டும். ஒத்திகை பார்த்தோம். தாளாளரும் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

"பொண்ணு இன்னும் கொஞ்சம் அழுகோணும். டாக்டரு, நீங்க இன்னும் கொஞ்சம் தலையாட்டுங்க."

ஆட்டினேன்.

மார்ச் 10

இன்று கடைசி நாள். "பிரமோஷனுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன். "குடுத்துட்டனுங்க" என்றாள். ஒரு பெரிய பாரம் இறங்கியது. ராமநாதபுரம் வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

மார்ச் 14

கமிட்டி வந்து போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வடக்கத்திக்காரர். கூட ஒரு கணக்குப் பேராசிரியர். மூன்றாவது ஆள் திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மாள், உளவியல் பேராசிரியை, பெயர் நிர்மலா தேவசகாயம். பின்னால் தாளாளர், பட்டுச் சட்டை, சந்தனம். எல்லோரும் கதவோரம் நின்றார்கள். என் எதிரே சோபாவில் சத்யபாமா, மூன்றாம் வருட சைக்காலஜி மாணவி. ஒத்திகையில் நன்றாக அழுததால் தேர்வு செய்யப்பட்டவள்.

"சொல்லும்மா, என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தேன்.

அவள் பரீட்சை பயம் என்று சொல்லவில்லை. சற்று நேரம் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "சார், நிஜமாவே ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

கதவோரம் தாளாளரின் சந்தனம் சுருங்கியது.

"எனக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில எச்.ஆர். வேலை வந்துருக்குதுங்க சார். பரீட்சை முடிஞ்சதும் சேரச் சொல்றாங்க, வர்ற திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும். எங்க மேடம் மேல படி, ரிசர்ச் பண்ணு, நீ நல்லா வருவேங்கறாங்க. எனக்கும் ஆசையா இருக்குதுங்க. ஆனா அப்பா சாயப்பட்டறையில வேலை. அவருக்கு நெஞ்சு சளி, இனி ரொம்ப நாளு போக முடியாது. யாரைக் கேட்டாலும் படிப்பு வீண் போகாதுங்கறாங்க. நீங்க ரிசர்ச் முடிச்சவங்க. சைக்காலஜில ரிசர்ச் பண்ணுனா காசு வருமுங்களா சார்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். கல்யாண வீடுகளில் எட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். மனநலத்துக்கு உலகம் முழுக்க மவுசு, இனி வருங்காலமே சைக்காலஜிதான், இத்யாதி. தாளாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார், கையால் 'சொல்லு சொல்லு' என்று ஜாடை காட்டினார். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் சேர்ந்த பிறகு என்னிடம் ஒருத்தர் நிஜமாக ஒன்று கேட்டது அப்போதுதான்.

"பெரும்பாலும் வராதும்மா" என்றேன்.

 நிறுத்த முடியவில்லை, பேசிக்கொண்டே போனேன்.

"ஆஸ்பத்திரியில நோயாளியப் பாக்கற படிப்பு தனி. அதுக்கு லைசென்ஸ் உண்டு, அதுல காசு வரும். கவர்மென்ட் காலேஜ்ல எடம் கெடச்சா வரும், கெடைக்கறவங்க கொஞ்சம் பேரு. மத்தவங்க என்னை மாதிரி. மூணு வருசத்துல முடிச்சறலாம்னு ஆரம்பிப்போம், எட்டு வருசம் ஆகும். பாதில விடவும் மனசு வராது. இத்தன நாளு போனது வீணாயிருமேன்னு இன்னும் கொஞ்ச நாளக் கொண்டு போயி அதுல போடுவோம். எட்டு வருசமும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும். யாராவது சோறு போடோணும். உனக்குப் போட ஆளு இருக்குதா?"

"இல்லீங்க சார்."

"அப்ப திங்கக்கிழமையே சரின்னு சொல்லி வேலையில சேந்துரு. ஆசை இருந்தா பின்னாடி உன் காசுல படி. அப்ப உன் கைடு வீட்டு வேலை சொன்னா முடியாதுன்னு சொல்ற தைரியம் வரும்."

சத்யபாமா அழுதாள். ஒத்திகையில் அழுததை விடக் கம்மியாகத்தான் அழுதாள். "தேங்க்ஸ் சார், எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசுனாங்க" என்று எழுந்து போனாள். தாளாளர் முகம் தீவனம் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்த செய்தி கேட்டவர் முகம் போல் இருந்தது. என் வேலை போயிற்று என்று தெரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நிர்மலா தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். பிறகு தாளாளரைப் பார்த்து, "இருபது வருஷமா இன்ஸ்பெக்ஷன் போறேன். நடிக்காத கவுன்சிலிங்கை இன்னைக்குத்தான் பார்த்தேன். இதை உங்க கல்லூரியோட சிறந்த நடைமுறைன்னு எழுதப் போறேன்" என்றார்.

தாளாளர் ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். "எங்க காலேஜ்ல எப்பவுமே இப்படித்தானுங்க மேடம், உண்மைதான் பேசோணும்னு கண்டிசன்" என்றார்.

மார்ச் 15

ஆலோசனை மையத்தில் கேரம் ஆடுகிறார்கள்.

மார்ச் 18

தாளாளர் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதப்படுத்திப்போட்டீங்க டாக்டரு! நல்ல கிரேடு வரும்னு தகவல் வந்துருச்சு. இனி அஞ்சு வருசத்துக்கு அவங்க வர மாட்டாங்க. நீங்களும் வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"அப்ப என் வேலைங்க?"

"வேலை எங்கீங்க போகுது? உங்க பேரு ரெஜிஸ்டர்ல இருக்கும், சர்ட்டிபிகேட்டு பீரோல இருக்கும். சம்பளம் விழும், விழுந்ததும் மொத்தத்தையும் எடுத்துக் குடுத்துருங்க. நீங்கதான் வரப்போறதில்லையே, உங்களுக்கு எதுக்கு?"

என் பெயரை எடுத்துவிடுங்கள், ஒரிஜினலைக் கொடுங்கள் என்றேன். பாதியில் போனால் ஒரிஜினல் கிடைக்க ஆறு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். ஆக, என் பட்டத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இல்லை. பல்கலைக்கழகத்துக்கும் அந்த நிர்மலா அம்மாளுக்கும் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவும் செய்வேன்.

பஸ்ஸில் வரும்போது எதுவும் ஓடவில்லை. அம்சாவை நம்ப வைத்து, பிரமோஷனை விட வைத்துவிட்டேனே என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கவர், வளர்ச்சி நிதி, கேரம் போர்டு, எல்லாம். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கவரு சங்கதி தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"உங்க கணக்குக்கு என்ற போன் நம்பர்தானுங்களே குடுத்திருக்குது. அவிநாசி பஸ் ஸ்டாண்டுல எடுத்தீங்க, எனக்கு மெசேஜ் வந்துச்சு."

உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சாதாரணத் தமிழில் மடத்தனம் என்பார்கள்.

"என்னால உன் பிரமோஷன் போச்சே அம்சா."

"போகலீங்க. சரின்னுதான் எழுதிக் குடுத்தேன். ஏப்ரல் மொதல் வாரம் ராமநாதபுரத்துல சேரோணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு தடவை கேட்டனுங்க மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். மீதி பீன்ஸை நான் நறுக்கினேன்.

ஏப்ரல் 6

ராமநாதபுரம். காலையில் ஒரு வீடு பார்க்கப் போனேன், அம்சவேணி பேங்கிலிருந்து பின்னால் வருவதாகச் சொன்னாள். புரோக்கர் என்னை "சைக்காலஜி டாக்டர்" என்று அறிமுகம் செய்து கெடுத்தார். வீட்டுக்காரர் அப்துல் வஹாப், மீன் ஏற்றுமதி செய்து ஓய்ந்தவர், ஓர் அடி பின்வாங்கினார்.

"பைத்தியம் பாக்குற டாக்டரா? ஆளுக வீட்டுக்கு வந்து போவாகளா? அப்பப் பத்து மாச அட்வான்ஸ் குடுங்க."

"நான் பைத்தியம் பாக்கறதில்லீங்க" என்றேன். அதற்குள் அம்சவேணி ஆட்டோவில் வந்து இறங்கினாள், கழுத்தில் பேங்க் அடையாள அட்டை. அவர் குரலே மாறிவிட்டது.

"ஆபீசரம்மாவா! வாங்க, வாங்க. அட்வான்ஸ் அஞ்சு மாசம் போதும். மோட்டார் புதுசு, தண்ணிக்குக் கவலையே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரு பைத்தியம் பாக்கலேனா, பின்ன என்னதான் செய்றீக?"

எட்டு வருடம் ஒரே பதில் சொன்ன வாய். பட்டத்தின் தலைப்பு முழுசும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"சமையலுங்க. வீட்டு வேலை. இங்க எதாச்சும் பள்ளிக்கூடத்துல கவுன்சிலர் வேலை இருந்தா கேக்கலாம்னு இருக்கேன்."

"சமையலுக்குச் சம்பளம் உண்டா?" என்று அவர் சிரித்தார்.

"உண்டுங்க. எட்டு வருசமா இவங்கதான் குடுக்கறாங்க. நான் படிச்சேன்னு சொல்லிக்குவேன், படிக்க வெச்சது இவங்க."

அப்துல் வஹாப் நல்ல ஜோக் என்று இன்னும் பலமாகச் சிரித்துவிட்டு, சாவி எடுக்க உள்ளே போனார். அம்சவேணி சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய் நின்றாள். நானும் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, கேட்டாரு, சொன்னேன்."

குழாயை மூடினாள். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.